இரைச்சலுக்குள் ஒரு குரல்

விடிகாலை ஐந்து மணிக்குக் கோயில் கோபுரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதம் ஒலிக்கிறது. தெருமுனை டீக்கடையிலும் அதேதான். சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்த போனிலும் அதேதான். மூன்றிலும் ஒலிப்பது 1963-ல் எச்.எம்.வி. வெளியிட்ட ஒரே பதிவு. ஆனால் காதில் விழுவது ஒன்றல்ல. கோயில் குழாயில் குரல் ஊசி மாதிரி கூர்மையாக வந்து நாலு தெருவுக்குக் கேட்கிறது. டீக்கடைப் பெட்டியில் அடிக்குரல் 'தும்' என்று வீங்கி, வார்த்தைகள் கலங்குகின்றன. போனில் எல்லாம் தெளிவாக இருப்பதுபோல் தோன்றும். ஆனால் பின்னால் தம்புரா மீட்டப்படுவது தெரியாது. நல்ல ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒருமுறை கேட்டால்தான் தம்புராவும், எம்.எஸ்ஸின் குரலோடு ராதா விஸ்வநாதனின் குரல் இழைந்து வருவதும், அடிகளுக்கு நடுவே அவர்கள் மூச்செடுக்கும் இடங்களும் புலப்படும்.

பிடித்த பாட்டைப் பற்றிப் பேசும்போது ராகம், பாடகர், சாகித்யம் என்றுதான் பேசுகிறோம். அந்தப் பாட்டு நம்மிடம் எந்த வழியாக வந்து சேர்ந்தது என்று கேட்பதில்லை. நம் சங்கீதத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் பெரியது. ராகத்தின் பாவத்தை சுரத்தானத்தோடு நிறுத்திவிட முடியாது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வழியில், அந்தக் கமகத்தின் ஓரத்தில்தான் அது இருக்கிறது. அந்த ஓரம் மிக மெல்லியது. இயந்திரம் முதலில் தவறவிடுவதும் அதைத்தான்.

ஒரு பதிவின் ஒலித்தரத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. அன்றைய இயந்திரத்தால் எவ்வளவு பிடிக்க முடிந்தது என்பது முதல் கணக்கு. அதை இனி யாராலும் மாற்ற முடியாது. பிடித்ததில் எவ்வளவை நகல்களும், சுத்தம் செய்தவர்களும், நம் போனும் பறித்துக்கொண்டன என்பது இரண்டாவது. இது இன்னும் நம் கையில் இருக்கிறது.

குழாய்க்கு முன்னால் நின்றவர்கள்

1902-ல் கிராமபோன் கம்பெனிக்காக ஃப்ரெட் கைஸ்பர்க் கல்கத்தாவுக்கு வந்து, கௌஹர் ஜான் பாடியதைப் பதிவு செய்தார். பாட்டு முடிந்ததும் அந்த அம்மாள் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வது அந்தத் தட்டுகளில் கேட்கும். பதிந்த தட்டுகள் ஜெர்மனியில் உள்ள ஹனோவருக்குக் கப்பலேறிப் போக வேண்டும். அங்கே அச்சடிக்கிறவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் அந்த அறிவிப்பு. பிறகு 1908-ல் கல்கத்தாவிலேயே இசைத்தட்டுத் தொழிற்சாலை வந்தது.

அப்போது மைக் கிடையாது. பாடகர் ஒரு பெரிய குழாயின் வாய்க்கு எதிரே நின்று பாடுவார். அந்தக் காற்றின் அதிர்வு குழாயின் மறுமுனையில் இருக்கும் மெல்லிய தகட்டை ஆட்டும். தகட்டோடு இணைந்த ஊசி, சுழலும் மெழுகுத் தட்டில் கோடு கிழிக்கும். மின்சாரமே இல்லாத வேலை. சத்தம் போதவில்லை என்றால் கோடு விழாது. அதிகமானால் ஊசி தடம் மாறும்.

மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். அந்தக் குழாய் பிடித்தது சுமார் 250 முதல் 2,500 ஹெர்ட்ஸ் வரைதான். ஒரு கட்டை சுருதியில் பாடும் ஆணின் மத்திய ஸ்தாயி சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடும் பெண்ணின் சட்ஜம் 196. இரண்டுமே அந்த எல்லைக்கு வெளியே நிற்கின்றன. அப்படியானால் அந்தத் தட்டுகளில் ஆதார சட்ஜமே சரியாகப் பதியவில்லை என்றாகிறது. பிறகு எப்படி நமக்கு அது கேட்கிறது?

காதின் சாமர்த்தியம் அது. ஒரு சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு அதிர்வுகளும் சேர்ந்தே ஒலிக்கும். அந்த மேல் அதிர்வுகள் வந்து சேர்ந்தால் போதும், அடியில் எது இருந்திருக்க வேண்டும் என்று மூளை தானே நிரப்பிக்கொள்ளும். பழைய லேண்ட்லைன் போனும் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. ஆனாலும் ஊரிலிருந்து அப்பா பேசினால் அவருடைய கனத்த குரல் நமக்குக் கேட்டதே, அதே கதைதான்.

தம்புராவின் விஷயம் வேறு. அதன் அழகே மேலே மேலே விரியும் அந்த ரீங்காரத்தில்தான் இருக்கிறது. குழாய் அதை எட்டவே இல்லை. ஆரம்ப காலத் தட்டுகள் பலவற்றில் சுருதிக்கு ஆர்மோனியம் கேட்பதற்கு, சத்தம் போதுமான அளவு வந்து விழ வேண்டியிருந்ததும் ஒரு காரணம்.

தட்டு எதனால் செய்யப்பட்டது என்பதும் முக்கியம். அரக்குப் பூச்சி தரும் அரக்கோடு கல் மாவு போன்ற பொடிகளைக் கலந்து அழுத்திச் செய்தார்கள். எஃகு ஊசியைத் தட்டுக்கு ஏற்பத் தேய்த்துக்கொள்ள அந்தப் பொடி உதவியது. அதனால்தான் ஒரு பக்கம் ஓடி முடிந்ததும் ஊசியை மாற்றச் சொன்னார்கள். 78 சுற்றுத் தட்டில் விடாமல் கேட்கும் அந்தக் 'கரகர', தட்டின் உடம்பிலேயே கலந்த பொடியின் சத்தம். தூசு துடைத்தால் கொஞ்சம் குறையும், முழுக்கப் போகாது.

மைக் வந்தது, வீணை கேட்டது

1925-ல் அமெரிக்காவில் மின்சார முறைப் பதிவு தொடங்கியது. குழாயின் இடத்தில் மைக் வந்தது. பிடிபடும் எல்லை சுமார் 100 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை விரிந்தது. சில ஆண்டுகளில் அது இங்கேயும் வந்து சேர்ந்தது.

இதனால் என்ன கிடைத்தது என்று ஒரே பெயரில் சொல்லிவிடலாம்: வீணை தனம்மாள். 1867-ல் பிறந்து 1938-ல் மறைந்தவர். வெள்ளிக்கிழமை மாலைகளில் சென்னையில் அவர் வீட்டில் நடக்கும் வாசிப்புக்குப் பெரிய வித்வான்களே வந்து ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள். மீட்டு அவ்வளவு மெல்லியது. ஒருவர் தும்மினால் ஒரு கமகம் போய்விடும். குழாய்க்கு முன்னால் அந்த வீணையை வைத்திருந்தால் மெழுகில் கோடே விழுந்திருக்காது. 1930-களில் மைக் முன் வாசித்ததால் சில தட்டுகள் நமக்குக் கிடைத்தன. முதல் தடவை கேட்கிறவர்களுக்கு இரைச்சல்தான் பெரிதாகத் தெரியும். இரண்டாவது தடவை, மழை பெய்யும்போது பக்கத்து அறையில் யாரோ வாசிப்பதைப்போல வீணை தனியே பிரிந்து வரும். மூன்றாவது தடவை மழை மறந்துபோகும்.

இதற்கு நேர் எதிர் நாகஸ்வரம். திறந்த வெளியில் கோயில் வீதி முழுக்கக் கேட்க வேண்டிய வாத்தியம். அறைக்குள் மைக்கைத் திணறடிக்கும். அப்படியும் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி 78 சுற்றுத் தட்டில் அமைந்தது. வீதியில் மணிக்கணக்கில் விரிந்த தோடியைச் சில நிமிடங்களுக்குள் அடக்க வேண்டிய கட்டாயம். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான் என்பதால், எதைச் சொல்வது, எதை விடுவது என்று வித்வான்கள் ஒரு தனிக் கலையையே பழகிக்கொண்டார்கள். பல்லவி முதல் சரணம் வரை ஓட்டமும் நடையுமாக முடியும் அந்தக் காலத்து தட்டுப் பாட்டுகளை வைத்து, அவர்கள் கச்சேரியிலும் அப்படித்தான் பாடினார்கள் என்று நினைத்துவிடக் கூடாது.

சிலருக்கு அந்த மூன்று நிமிடம் மட்டுமே மிச்சம். எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல், 27 வயதில் மறைந்தார். என்.சி. வசந்தகோகிலம் 1951-ல் இளம் வயதிலேயே போய்விட்டார். ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் எல்.பி. தட்டு 1948-ல் அமெரிக்காவில் அறிமுகமாகியிருந்தது. நம் ஊருக்கு அது வந்து பரவியபோது இவர்கள் இல்லை. அவர்கள் குரலைப் பொறுத்தவரை அந்த அரக்குத் தட்டுகள்தான் மூலப் பிரதி. அதில் ஒன்று உடைந்தால், உடைந்தது உடைந்ததுதான்.

அரைக் கட்டை எங்கிருந்து வந்தது?

பழைய பதிவுகளைக் கேட்டு, "அந்தக் காலத்தில் எல்லாருக்கும் என்ன ஒரு மேல் சுருதி!" என்று வியப்பவர்கள் உண்டு. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்பதற்காக உயர்ந்த சுருதியில் பாடியவர்கள் உண்டு என்பது உண்மை. ஆனால் எல்லா உயரமும் தொண்டையிலிருந்து வந்ததல்ல.

'78 சுற்று' என்பது பின்னால் நிலைபெற்ற பெயர். ஆரம்ப காலத்தில் தட்டுகள் 70-லிருந்து 80-க்கும் மேலே வரை வெவ்வேறு வேகங்களில் பதியப்பட்டன. நிமிடத்துக்கு 74 சுற்றில் பதிந்த ஒரு தட்டை 78-ல் சுழற்றினால் வேகம் ஐந்து சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். நான்கு சுற்றுதானே என்று தோன்றலாம். ஒரு கட்டையிலிருந்து ஒன்றரைக் கட்டைக்குப் போக அதிர்வு சுமார் ஆறு சதவீதம் கூடினால் போதும். ஆக, அந்த நான்கு சுற்றில் பாடகர் கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடுகிறார். காலப்பிரமாணமும் கூடவே ஓடுகிறது. குரலின் கனம் போய், கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக மெலிகிறது. அந்தப் பதிவை மட்டும் கேட்டு வளர்கிறவர், அதுதான் அவருடைய குரல் என்று மனத்தில் பதித்துக்கொள்கிறார்.

இதைக் கண்டுபிடிக்கச் சில வழிகள் உண்டு. ஆர்மோனியத்தின் நாக்குகள் சுருதி மாறுவதில்லை. அதோடு பாடிய பதிவில் ஆதார சட்ஜம் எந்தக் கட்டையிலும் சேராமல் இரண்டுக்கும் நடுவில் நின்றால், வேகத்தைச் சந்தேகிக்கலாம். ஒரே பாடகர் ஒரே ஆண்டில் தந்த இரண்டு தட்டுகள் வெவ்வேறு சுருதியில் ஒலித்தாலும் சந்தேகிக்கலாம். கேசட்டிலும் இதே தொல்லை உண்டு. பிளேயரின் பெல்ட் தளர்ந்தால் வேகம் குறைந்து, சுருதி இறங்கும். பேட்டரி இறங்கினாலும் அப்படியே. இன்று போனிலேயே சுருதிப் பெட்டி, ட்யூனர் செயலிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. பதிவை ஓடவிட்டு, பக்கத்தில் சுருதியை ஒலிக்கவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஒலித்தரம் என்றதும் பலரும் இரைச்சல் உண்டா இல்லையா என்றுதான் பார்க்கிறார்கள். சங்கீதத்துக்கு அதைவிட முக்கியமானது வேகம். இரைச்சலைக் காது ஒதுக்கிவிடும். தப்பான சுருதியை ஒதுக்க அதற்கு வழி இல்லை, ஏனென்றால் அது தப்பு என்றே அதற்குத் தெரியாது.

யாரோ ஒரு ரசிகரின் ஸ்பூல்

நமக்குப் பிடித்த கர்நாடக சங்கீதப் பதிவுகளில் பெரும்பங்கு ஸ்டூடியோவில் பிறந்தவை அல்ல. சபாக்களிலும், கோயில் உற்சவங்களிலும், கல்யாணக் கச்சேரிகளிலும், ரேடியோவிலிருந்தும் ரசிகர்கள் டேப்பில் எடுத்தவை. மதுரை மணி ஐயர் 1968-ல் மறைந்தார். அவருடைய சுரப் பிரஸ்தாரமும் 'இங்கிலீஷ் நோட்'டும் இன்றைக்கும் வீடுகளில் ஒலிப்பதற்குக் காரணம், யாரோ சிலர் அந்தக் காலத்தில் கனமான டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்ததுதான்.

இவற்றில் ஒலி சமமாக இருக்காது. பாடகர் முன்னால் ஒரே மைக், வயலின் எட்டத்தில். யாரோ 'ஆஹா' என்பார். குழந்தை அழும். ஆனால் மூன்று நிமிடத் தட்டில் இல்லாத ஒன்று இதில் கிடைக்கும்: கச்சேரி எப்படிச் சூடேறியது என்பது. முதல் வர்ணத்தில் கொஞ்சம் கட்டிய குரல், மூன்றாவது உருப்படியில் விட்டுக்கொடுக்கத் தொடங்குவது. மிருதங்கக்காரரின் ஒரு தீர்மானத்துக்குப் பாடகர் சிரித்துவிடுவது. இதையெல்லாம் எந்த ஸ்டூடியோவும் தந்ததில்லை.

மைக்கைப் பற்றிப் பேசும்போது பாலக்காடு மணி ஐயரை விட்டுவிட முடியாது. மைக் இல்லாத கச்சேரி வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர். மிருதங்கத்தின் தொப்பிப் பக்கம் தரும் குமுக்கியும் வலந்தலையின் நாதமும் அறையின் காற்றில் கலந்து காதுக்கு வர வேண்டும். மைக் அவற்றைத் தனித்தனியாகப் பெரிதாக்கிக் காட்டிவிடும். இன்றைய பதிவுகளில் மிருதங்கம் பாட்டை அமுக்கி நிற்பதைக் கேட்கும்போது அவர் எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்று புரியும்.

ரசிகர்களின் டேப்புகளுக்கு நேர்ந்த கதி வேறு. ஸ்பூலிலிருந்து ஒருவர் கேசட்டில் எடுத்தார். அந்தக் கேசட்டிலிருந்து நண்பர் எடுத்தார். அதிலிருந்து மைத்துனர் எடுத்தார். கேசட்டில் டேப்பின் அகலமே நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. விநாடிக்கு ஐந்து சென்டிமீட்டர்கூட ஓடுவதில்லை. ஒவ்வொரு நகலிலும் 'உஸ்' சத்தம் கூடும், மேல் சுரங்களின் பளபளப்பு மங்கும், வேகம் கொஞ்சம் நழுவும். நாலாவது தலைமுறை நகல்தான் பிறகு எம்.பி.3 ஆகி, ஊரெல்லாம் சுற்றுகிறது. அதைக் கேட்டு "அந்தக் காலத்துப் பதிவு அப்படித்தான் இருக்கும்" என்று சொல்வது அன்றைய ஒலிப்பதிவுக்காரருக்குச் செய்யும் அநியாயம். முதல் ஸ்பூலைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதில் தம்புராவே கேட்கும் என்று.

அழுக்கோடு தோலும் போகிறது

இப்போது கம்ப்யூட்டரில் இரைச்சலை நீக்குவது சுலபமாகிவிட்டது. பாட்டு தொடங்கும் முன் வெறும் இரைச்சல் மட்டும் இருக்கும் ஒரு விநாடியை எடுத்து, "இதுதான் இரைச்சல், இதை எல்லா இடத்திலிருந்தும் கழித்துவிடு" என்று மென்பொருளுக்குச் சொன்னால் போதும். அளவோடு செய்தால் நல்ல உதவி. தட்டில் கீறலால் வரும் 'டக் டக்' சத்தத்தை ஒவ்வொன்றாக எடுப்பதும் நியாயமான வேலைதான்.

அளவு மீறினால்தான் கஷ்டம். தம்புராவின் ரீங்காரம், 'ஸ', 'ஷ' போன்ற எழுத்துகளின் காற்று, வில் தந்தியில் உரசும் மெல்லிய ஒலி, ஒரு கமகம் தேய்ந்து முடியும் கடைசி நூல் ஆகியவையும் இரைச்சல் இருக்கும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. மென்பொருளுக்கு வித்தியாசம் தெரியாது. இரைச்சலோடு அவையும் போய்விடும். மிஞ்சுவது தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோன்ற ஒரு குரல். அந்த வெறுமையை மறைக்க எதிரொலியைச் சேர்ப்பார்கள். ஒற்றை மைக்கில் பதிந்ததை இரண்டாகப் பிரித்து ஸ்டீரியோ என்பார்கள். முதல் தடவை கேட்கும்போது 'அடடா, எவ்வளவு சுத்தம்!' என்று தோன்றும். பத்து நிமிடத்தில் ஏனென்று தெரியாமல் காது அலுத்துவிடும்.

மேற்கத்திய சங்கீத உலகில் இந்தச் சண்டை எப்போதோ நடந்து, ஒரு மாதிரி ஓய்ந்துவிட்டது. பாவ்லோ கஸால்ஸ் 1936 முதல் 1939 வரை பதிவு செய்த பாக்கின் செல்லோ தொகுப்பு இரைச்சலோடுதான் இருக்கிறது. அதற்குப் பிறகு பளிங்குபோல் எத்தனையோ பதிவுகள் வந்தும், அதை யாரும் கீழே வைக்கவில்லை. க்ளென் கூல்ட் பியானோ வாசிக்கும்போது கூடவே முணுமுணுப்பார். அவர் நாற்காலி கிறீச்சிடும். பாக்கின் கோல்ட்பர்க் வேரியேஷன்ஸை 1955-ல் ஒரு முறை, 1981-ல் ஒரு முறை பதிவு செய்தார். முதலாவது 38 நிமிடம், இரண்டாவது 51 நிமிடம். ஒலித்தரத்தில் இரண்டாவதே மேல். ஆனால் ரசிகர்கள் எது சிறந்தது என்று இன்னும் வாதாடுகிறார்கள். அந்த முணுமுணுப்பு இரண்டிலும் இருக்கிறது. அதை நீக்கிய பதிப்பு வேண்டும் என்று கேட்பவர்கள் குறைவு.

போனில் கேட்கிறவர்களுக்கு

இன்று பெரும்பாலோர் கேட்பது கையிலுள்ள போனில். அதற்காகப் பெரும் செலவு ஒன்றும் வேண்டாம். சில விஷயங்கள் தெரிந்தால் போதும்.

போனின் சின்ன ஸ்பீக்கரில் கீழ்ப்பகுதி ஒலி ஏறத்தாழ இல்லவே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி அதில் 'டொக்' என்று மட்டும் கேட்கும். சுமாரான ஒயர் ஹெட்போன்கூட அந்தக் குறையைத் தீர்த்துவிடும். தனி ஆவர்த்தனத்தை ஸ்பீக்கரில் ஒரு முறை, ஹெட்போனில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். இரண்டு வேறு மிருதங்கங்கள்போல் இருக்கும்.

சி.டி.யில் விநாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து எழுதுகிறார்கள். அந்தக் கணக்கில் விநாடிக்குச் சுமார் 1,411 கிலோபிட் வருகிறது. 128 கிலோபிட் எம்.பி.3-யில் அதில் பதினொன்றில் ஒரு பங்குதான். காது கவனிக்காது என்று நினைப்பதையெல்லாம் அது விட்டுவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. சுத்தமான புதுப் பதிவைச் சுருக்குவது சுலபம். இரைச்சல் நிறைந்த பழைய பதிவைச் சுருக்குவதுதான் கஷ்டம். இரைச்சலுக்கு ஒழுங்கு கிடையாது. அதை எழுதவே பாதி இடம் போய்விடும். பாட்டுக்கு மிஞ்சுவது குறைவு. "பழைய பாட்டுதானே, குறைந்த தரம் போதும்" என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை தலைகீழ். பழைய பதிவுக்குத்தான் அதிகத் தரம் வேண்டும். பாட்டுச் செயலியில் 'டேட்டா சேவர்' போட்டிருந்தால், பழையவற்றைக் கேட்கும்போதாவது அதை எடுத்துவிடுங்கள்.

ஈக்வலைசரில் 'பாஸ் பூஸ்ட்' போன்றவற்றை அணைத்துவிடுவது நல்லது. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள்; இரைச்சல் பின்வாங்கிக் குரல் முன்னே வரும். உறவினருக்குப் பதிவை அனுப்பும்போது வீடியோவாக மாற்றி அனுப்பாமல், வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் உள்ளபடியே போய்ச் சேரும். யூடியூபில் ஒரே கச்சேரி நாலு பேர் பெயரில் இருந்தால், முதலில் வருவதோடு நிறுத்தாமல் நாலையும் ஒரு நிமிடம் கேட்டுப் பாருங்கள். அதிகச் சுத்தமாக இருப்பதைவிட, கொஞ்சம் 'உஸ்' சத்தத்தோடு தம்புராவும் கேட்பதைத் தேர்ந்தெடுங்கள்.

பரணில் இருக்கும் பெட்டி

இதெல்லாம் கேட்பவர்களுக்கு. வீட்டில் பதிவு வைத்திருப்பவர்களுக்கு வேறு பொறுப்பு இருக்கிறது. தாத்தா ரேடியோவிலிருந்து பிடித்த கேசட்டுகள், பெரியப்பா கல்யாணத்தில் நடந்த கச்சேரியின் டேப், பாட்டி சுவாசினிப் பூஜையில் பாடிய லாலி என்று பல வீடுகளின் பரணில் ஒரு அட்டைப் பெட்டி இருக்கும். அதில் சில, உலகத்தில் வேறு எங்கும் இல்லாத பதிவாக இருக்கலாம். வீடு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவதும் அதுதான்.

டேப்புக்கு நம் ஊர் வெயிலும் ஈரமும் ஆகாது. பூஞ்சை பிடிக்கும். கேசட்டின் உள்ளே டேப்பை அழுத்திப் பிடிக்கும் குட்டிப் பஞ்சு உதிர்ந்துவிடும். நெடுநாள் சுற்றியபடியே இருக்கும் டேப்பில் ஒரு சுற்றின் ஒலி அடுத்த சுற்றில் மெல்ல ஒட்டிக்கொள்ளும். பாட்டு தொடங்கும் முன்பே அதே அடி ஆவிபோல் லேசாகக் கேட்பது அதனால்தான். அந்தப் பெட்டியைத் திறக்கிறவர்கள் செய்ய வேண்டியவை இவை:

வெள்ளையாகப் பூஞ்சை தெரிந்தால் பிளேயரில் போடாதீர்கள். அடுத்த கேசட்டுக்கும் பரவும். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நல்ல கேசட்டை ஓட்டும் முன், ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரு முறை சுற்றிவிடுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். ஒலி மங்கலாக இருந்தால் டேப் கெட்டுவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். ஹெட்டின் சாய்வு சரியில்லாமலும் இருக்கலாம். ஹெட்டின் ஓரத்தில் உள்ள சின்ன ஸ்க்ரூவை மயிரிழை திருப்பினாலே மூடியிருந்த திரை விலகியதுபோல் ஒலி தெளிவது உண்டு.

கம்ப்யூட்டரில் ஏற்றும்போது எம்.பி.3-யாக ஏற்றாமல் வேவ் அல்லது ஃப்ளாக் வடிவில் ஏற்றுங்கள். இரைச்சலை நீக்காத பிரதி ஒன்றை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தம் செய்ய ஆசை இருந்தால் இன்னொரு நகலில் செய்யுங்கள். நாளைக்கு இதைவிட நல்ல மென்பொருள் வரும். அதற்குக் கொடுக்க மூலப் பிரதி வேண்டும். கோப்பை ஒரே இடத்தில் வைக்காமல், குறைந்தது இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். ஏற்றி முடித்ததும் கேசட்டைத் தூக்கியெறியாதீர்கள்.

78 சுற்றுத் தட்டுகள் இருந்தால் எல்.பி. ஊசியில் போடக் கூடாது. பழைய தட்டின் தடம் அகலம். அதற்குத் தனி ஊசி உண்டு. தப்பான ஊசி தடத்தின் அடியில் போய் உரசி, இல்லாத இரைச்சலையெல்லாம் கிளப்பும்.

பராமரிக்க முடியாதவர்கள் பழைய கடைக்காரருக்கு எடைக்குப் போடும் முன், இசைத்தட்டுகளைச் சேகரிக்கும் நூலகங்களையும் சங்கீத ஆவணக் காப்பகங்களையும் ஒரு வார்த்தை கேட்கலாம். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் புத்தகங்களோடு இசைத்தட்டுகளையும் பாதுகாத்து வருகிறது.

இன்னொரு வேலை இருக்கிறது. அதற்கு இயந்திரமே வேண்டாம், ஆனால் தள்ளிப்போட முடியாது. கேசட் அட்டையில் 'கச்சேரி - நல்லது' என்று மட்டும் எழுதியிருக்கும். யார் பாடியது, எந்த ஊர், யார் வயலின், யார் மிருதங்கம், எந்த ஆண்டு என்பதெல்லாம் அதை எடுத்தவர் மனத்தில் மட்டும் இருக்கிறது. குரலை இன்னும் இருபது வருடம் கழித்தும் ஏதாவது ஒரு இயந்திரம் மீட்டுவிடலாம். பெயரை மீட்க எந்த மென்பொருளும் கிடையாது. வீட்டுப் பெரியவர் இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கேசட்டாக ஓடவிட்டுக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முதல் இரண்டு சுரத்திலேயே அவர் பெயரைச் சொல்லிவிடுவார்.